படிப்பக அலமாரியில் பென்சில் வாசம்

ஜூலை 29, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காஜா பெராங் சாலையில் கணுக்கால் வரை தண்ணீர். காலணி கையில். செட்டிக் கம்பத்து முனையில் என் தோழி நாச்சி வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மலாக்காச் செட்டிகள், அவள் வீட்டில் பல தலைமுறையாகத் தமிழ் கிடையாது, எல்லாம் மலாய்தான். அதனால் நான் படிக்கும் கதையை வழியெல்லாம் மலாயில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கப்பல் வியாபாரியின் மகள், தொலைந்துபோன அண்ணனைத் தேடும் கதை. மூன்று பாகம். இரண்டாவது முடியப் போகிறது. இன்றும் அதே கேள்வி: அண்ணன் கிடைத்தானா? இல்லை. கோபத்தில் வாழையிலையைத் தனக்கே வைத்துக்கொண்டாள்.

அறிவியல் வகுப்பில் மிஸ் லிம் நுண்நோக்கியைக் காட்டினார். கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சொட்டு எண்ணெய். தேன் நிறம், கெட்டி. லென்ஸ் அந்தச் சொட்டைத் தொட்டதும் எல்லாம் தெளிவு. தங்கம்மா தன் கன்னத்துத் தோலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அசிங்கமா என்று மதியம் வரை வருத்தம்.

எனக்கு அந்த எண்ணெய்தான். முகர்ந்தேன். புதுப் பென்சிலின் வாசம். தேவதாரு மரத்தின் எண்ணெயாம். பென்சில் செய்வதும் அதே இன மரத்தில்தான் என்றார் மிஸ் லிம். விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. கழுவவில்லை.

அம்மா: "என்னாடி, பென்சில தின்னியா?"

ஜூலை 31, புதன்

வெயில். பள்ளி விட்டதும் டவுன் நூலகம். தடித்த ஆங்கிலப் புத்தகம், தூக்கவே முடியவில்லை. தேவதாரு எண்ணெயின் பயன்கள்:

கம்பளி, பட்டு வைக்கும் பெட்டியில் பூச்சி அண்டாது.
தலையில் தேய்த்தால் பொடுகு போகும், முடி கொட்டாது என்று சொல்கிறார்கள். (சொல்கிறார்கள் என்றுதான் போட்டிருக்கிறது. நிச்சயம் என்று இல்லை.)
வாசம் மனதை அமைதிப்படுத்தும். தூக்கம் வரும்.
கொசு விலகும்.
சளிக்கு, வெந்நீரில் விட்டு ஆவி.
தோலில் அப்படியே தடவக் கூடாது, வேறு எண்ணெயில் கலக்க வேண்டும். குடிக்கவே கூடாது.

பூச்சி என்ற இடத்தில் புத்தகப் பூச்சியும் சேர்த்தி. உடனே படிப்பக அலமாரி ஞாபகம். நம் தெருமுனைப் படிப்பகத்தில் ஒரே அலமாரி, அதில்தான் தமிழ்ப் புத்தகங்கள். ராமபாணப் பூச்சி தின்றுகொண்டே இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் கதாநாயகியின் பெயர் வரும் இடமெல்லாம் ஓட்டை. இரசனையுள்ள பூச்சி.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டில் அப்பா ஒரு செய்தி சொன்னார். படிப்பகச் செயலாளர் அவர்தான். அடுத்த மாதம் 31ஆம் தேதி நாட்டுக்குச் சுதந்திரம், அதற்குள் ரேடியோ வாங்குகிறார்கள். மின்சாரப் பிளக் இருக்கும் ஒரே மூலையில் அலமாரி நிற்கிறது. அதனால் அலமாரி வெளியே. புத்தகங்கள் கச்சான், அதாவது வறுத்த கடலை, விற்கும் முனியாண்டி அண்ணனுக்கு, பொட்டலம் கட்ட.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

அப்பா: "பாதிப் புத்தகத்துல எழுத்தவிட ஓட்டைதான் அதிகம். படிக்கிறது யாரு, நீ ஒருத்திதானே? ஒனக்கு வேணுங்கறத எடுத்துக்க."

மூன்றாம் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் கச்சானுக்கா? மேல் தட்டு முடித்துவிட்டேன், நடுத்தட்டில் பாதி. கீழ்த்தட்டைத் தொடவே இல்லை. பூச்சி போனால் வைத்துக்கொள்வீர்களா என்றேன். பூச்சி போகட்டும், பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் 24ஆம் தேதி கச்சான் அண்ணன் வருவார். அதுவரை எனக்கு நேரம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மிஸ் லிம்மிடம் எண்ணெய் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். பழைய குப்பி ஒன்று, அடியில் கொஞ்சம். புதியது வந்துவிட்டதாம். எனக்கே எனக்கு!

வீட்டில் குப்பிக்குத் திருவிழா. அம்மா ஒரு சொட்டைத் தலைக்கு வைக்கும் எண்ணெயில் விட்டுக்கொண்டாள். அப்பா நம்பிக்கை இல்லை என்றார், பிறகு கைக்குட்டையில் ஒரு சொட்டு கேட்டார். கொசுவுக்காம். சாய்வு நாற்காலியில் கைக்குட்டை முகத்தில், பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏழு மணிச் செய்தி கேட்க வேண்டியவர் குறட்டை. கொசு அவர் காலில்.

ஆக, தூக்கம் உண்மை. கொசு சந்தேகம்.

ஆகஸ்ட் 3, சனி

படிப்பகத்தில் காலை முழுவதும். நாச்சி உதவிக்கு. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் அடுக்கும்போது பாதி தலைகீழ்.

குப்பியில் இருப்பது ஒரு தட்டுக்குக் கூடப் போதாது. வேறு எண்ணெயில் கலக்கச் சொல்லிப் புத்தகமே சொல்கிறதே. அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தலிலிருந்து ஒரு கிண்ணம் நிறைய எடுத்து, தேவதாருவை அதில் ஊற்றி, துணியால் தட்டு, கதவு, புத்தக அட்டை, முதுகு, ஓரம், எல்லாவற்றுக்கும் தேய்த்தோம். தலைக்குத் தேய்ப்பதுபோல் நன்றாக. பளபளவென்று அலமாரி! வாசம் வாசல்வரை.

என் வாழ்நாளில் இவ்வளவு புத்திசாலித்தனமாக எதுவும் செய்ததில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எறும்பு.

பிளக்கிலிருந்து சுவர் வழியாக அலமாரிக்கு வரிசை. தேங்காய் எண்ணெய்க்கு எறும்பு வரும் என்று மலாக்காவில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புத்தகத்தில் படித்ததும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் புத்தகம் தோலைப் பற்றிச் சொன்னது, நான் அலமாரிக்குச் செய்தேன். அட்டைகள் ஊறிவிட்டன. சில பக்கங்கள் கண்ணாடிபோல் ஆகி, பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறது.

அப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டம். "முன்னே பூச்சி மட்டும் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

அம்மா: "சரோஜா, என் எண்ணெயில பாதி எங்க போச்சு?"

அழுதேன். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தட்டுகளைத் துடைத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக வெயிலில் விரித்து வைத்தேன். சாலையில் போனவர்கள் எல்லாம், என்ன, அப்பளமா என்று கேட்டார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

எறும்பு போய்விட்டது. எண்ணெய்க் கறை போகவில்லை. வாசமும் போகவில்லை, அதில் சந்தோஷம். ஆனால் அட்டையின் முதுகில் ஒரு ராமபாணப் பூச்சி, வாலை ஆட்டிக்கொண்டு. ஊற்றிய சொட்டு கிண்ணம் தேங்காய் எண்ணெயில் கரைந்து என்ன பலம் இருக்கும்?

நாச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பெரிய பெட்டியைத் திறந்து கெபாயா மேல்சட்டைகளைக் காற்றாட வைத்துக்கொண்டிருந்தார். அவர் கல்யாணத்தில் இடுப்பில் சுற்றிய சரோங், ஒரு ஓட்டை இல்லை. என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டேன். எண்ணெயா, பெட்டியே கற்பூர மரம் அல்லவா என்றார். மரம்தான் வேலை செய்கிறது.

திரும்பி வரும்போது நாச்சி சட்டென்று நின்றாள். பென்சில் மரம் என்று உங்கள் மிஸ் லிம் சொன்னாரே, பள்ளிக்கூடத்தில் தினம் எவ்வளவு பென்சில் சீவிக் குப்பையில் போடுகிறோம்?

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளுக்குத் தோன்றியது. பரவாயில்லை. கட்டிப்பிடித்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வகுப்பில் எல்லாருக்கும் பென்சில் பைத்தியம். என் பிஸ்கட் டின்னில் சீவலைப் போடாதவள் இல்லை. தங்கம்மா புதுப் பென்சிலை அடிவரை சீவிவிட்டு இப்போது எழுத ஒன்றும் இல்லை. பாடாங் திடலில் கொடி ஊர்வலத்துக்கு ஒத்திகை. நடக்கும்போது கூடச் சட்டைப் பையில் சீவல்.

எல்லாப் பென்சிலும் தேவதாரு இல்லை. மலிவானதை முகர்ந்தால் வெறும் மரப்பொடி. முகர்ந்து பிரிக்கும் வேலை நாச்சிக்கு. மூக்கில் கரி.

அம்மா பழைய ரவிக்கைத் துணி தந்தாள், நாச்சியின் அம்மா கிழிந்த பாத்தேக் பூத்துணி. சின்னச் சின்னப் பைகள் தைத்தோம். தட்டுக்குத் தட்டு, புத்தகத்துக்கு இடையில். மிஸ் லிம் கேள்விப்பட்டு இன்னும் ஒரு சின்னக் குப்பி கொடுத்தார். இந்த முறை எதிலும் கலக்கவில்லை. ஒவ்வொரு பையிலும் ஒரு சொட்டு, சீவலே குடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தூறல். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். புது ஓட்டை இல்லை. பூச்சியும் கண்ணில் படவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார், ஒரு பையை முகர்ந்தார், கொட்டாவி விட்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா கமிட்டில முடிவு எடுத்தாச்சும்மா. முனியாண்டிக்கு வாக்கும் குடுத்தாச்சு. மூணாம் பாகத்த எடுத்து வச்சுக்க."

எடுக்கவில்லை. எடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி.

நாச்சியிடம் இரண்டாம் பாகம் முடிந்தது என்றேன். அண்ணன்? பினாங்கில் ஒரு கப்பலில் ஏறினான், அவ்வளவுதான் தெரியும்.

ஆகஸ்ட் 24, சனி

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

கச்சான் அண்ணன் சாக்கோடு வந்தார். கால்சட்டை, தலையில் துண்டு, காதில் பீடி. அப்பா அலமாரியைத் திறந்தார். நான் சுவரோரம். நாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு.

முனியாண்டி அண்ணன் ஒரு புத்தகத்தை எடுத்தார். மூக்கில் வைத்தார். இன்னொன்று. கீழ்த்தட்டில் ஒன்று. பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"என்னா சார் இது, பென்சில் வாசம் இப்படி அடிக்குது? இதுல கச்சானக் கட்டிக் குடுத்தா, பென்சில வறுத்து விக்கிறான்னு சொல்வானுங்க லா."

அப்பா, காற்றில் வைத்தால் போய்விடும் என்றார்.

"போவாது சார். எண்ணெய் ஊறிக் கெடக்கு. சூட்டுக் கச்சான் பட்டா இன்னும் ஏறும். எனக்கு வேணாம்."

என் எறும்பு எண்ணெய்! நான் அழுத அந்தக் கறை! சிரிப்பு வந்துவிட்டது. நாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, மலாயில் சொன்னதும் அவளும் ஆரம்பித்தாள். அப்பா எங்களை முறைத்தார். மீசை மட்டும் ஆடியது.

முனியாண்டி அண்ணன் சாக்கை மடித்தார், ஆனால் போகவில்லை. கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றார். அது அந்தக் கதையின் முதல் பாகம்.

"கட்டுறதுக்கு முன்ன நான் ஒவ்வொரு தாளயும் படிப்பேன் சார். இந்தக் கதையில ஒரு தாளு வேற எங்கருந்தோ வந்துச்சு. அண்ணனக் காணோம்னு தங்கச்சி தொறமொகத்துல நிக்குது. அடுத்த தாளு யாருக்குப் பொட்டலமாப் போச்சோ. அந்த அண்ணன் கெடைச்சானா?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கே தெரியாது என்றேன்.

அப்பா இரவல் பதிவேட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டு முதல் பாகத்தை அவரிடமே கொடுத்தார். அலமாரிக் கதவை மூடினார்.

படிக்கிறது யாரு, நான் ஒருத்திதானா?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ரேடியோ வந்துவிட்டது. அலமாரிக்கு மேலே வைத்தார்கள். பிளக்குக்குக் கம்பி சரியாக எட்டுகிறது. ஏன் முதலிலேயே இப்படி யோசிக்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, அலமாரி ஆடும் என்று நினைத்தோம் என்றார் அப்பா. ஆடவில்லை. புத்தகம் நிறைய இருப்பதால்தான் ஆடவில்லை என்று நான் சொன்னேன். கமிட்டியில் அதையே தன் யோசனையாகச் சொல்லிவிட்டார். சொல்லட்டும்.

மூன்றாம் பாகம் இப்போது எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் மேகம், தலைநகரிலும் மழையாம், விழா தாமதம். படிப்பகத்தில் இடமில்லை, ஜன்னலிலும் தலைகள். நாச்சியின் குடும்பம் முழுவதும். மூன்று மொழியில் இருமல். முன்வரிசைக்காரர்களுக்கு அலமாரி வாசம், காத்திருந்து காத்திருந்து இருவர் தூங்கிவிட்டார்கள், அப்பா ஒருவர். மெர்டேக்கா, விடுதலை என்று ரேடியோ முழங்கியதும் அவரை எழுப்பினேன். எழுந்த வேகத்தில் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்.

நாச்சி அழுதாள். ஏன் என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். எனக்கும் தெரியவில்லை, நானும்.

வெளியே முனியாண்டி அண்ணனின் கச்சான், இன்று எல்லாருக்கும் இனாம். ஆங்கிலச் செய்தித்தாளில் கட்டியது.

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்றாம் பாகம் நேற்று முடிந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் நாச்சிக்குச் சொன்னேன், நடு ரோட்டில் நின்றுவிட்டாள், சைக்கிள்காரர் திட்டினார். இங்கே எழுத மாட்டேன்.

மாலையில் முனியாண்டி அண்ணன் முதல் பாகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டாவது உடனே வேண்டுமாம். கடை போட்ட இடத்திலேயே படித்தாராம், கச்சான் இருமுறை கருகிற்றாம்.

"கெடைச்சானா இல்லையா, அத மட்டும் சொல்லு தங்கச்சி."

சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தைக் கொடுத்தேன்.

அவர் போனபின் முதல் பாகத்தை முகர்ந்தேன். பென்சில் வாசம் துளியும் இல்லை. வறுத்த கச்சான் வாசம், முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. நடுவில் உப்பு, சிவப்புத் தோல். அட்டையில் ஓர் எறும்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று.

நாளை நூலகம். எறும்புக்கு எந்த மரம் ஆகாது?