பின்சில்லு போன திசை

மச்சான்,

இன்று காலை முள்ளியவளையில் ஒரு டயர்க் கடையில் காற்று அடிக்க நின்றேன். யாரோ ஒருவருடைய வாகனத்தில் இருந்து கழற்றிய டயர் சுவரில் சாய்ந்திருந்தது. வெயிலில் சூடேறிய ரப்பரின் மணம். என்னை அறியாமலே என் கை அதன்மேல் போனது. ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. மற்றப் பக்கமாகத் தடவினால் அரிவாளின் பல் போல உள்ளங்கையில் பிடிக்கிறது.

"அண்ணை, அது முடிஞ்ச டயர். அதில என்ன பாக்கிறியள்?" என்றார் கடைக்காரர்.

தேய்ந்த டயரைக் கண்டால் நீ தடவிப் பார்ப்பாய். அது உன்னுடைய பழக்கம். என் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் ஜீப்பின் முன் டயர்கள் இரண்டும் இப்படித்தான் தேய்ந்தன, நினைவிருக்கிறதா? இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்திலிருந்து நான் குடும்பத்தோடு ஊர் திரும்பி வந்து மீன் வியாபாரம் தொடங்கியிருந்த காலம். நீ கொக்கிளாயில் வலை வைத்திருந்தாய். கரையிலிருந்து மீனையும் ஐஸையும் மணலுக்குள்ளால் கொண்டுவர நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வாகனம் வேண்டும் என்று நீதான் ஒற்றைக்காலில் நின்றாய். பங்குக்கு வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து முன் டயர்கள் நிலைக்கவில்லை. புதிது போட்டாலும் கொஞ்ச நாளில் அதே அரிவாள் பல்.

எனக்கு அது ஒரு செலவு. உனக்கு அது ஒரு கேள்வி. காற்றைக் கூட்டிப் பார்த்தாய், குறைத்துப் பார்த்தாய். வவுனியாவுக்குக் கொண்டுபோய் முன்சில்லுகளை நேர்செய்வித்தாய். பிறகு என்னைச் சந்தேகித்தாய்.

"நீ தார் ரோட்டிலயும் நாலு சில்லையும் பூட்டிக்கொண்டு ஓடுறியோ? மணலில எண்டால் சில்லு சறுக்கித் தன்ரபாட்டில சரிவரும். தார் ரோட்டில சறுக்க வழியில்லை, டயர்தான் தேயும்."

"சத்தியமா இல்லை மச்சான்."

நீ நம்பவில்லை. அந்தப் பூட்டும் கம்பியை வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, உனக்கு மட்டுமே அவிழ்க்கத் தெரிந்த ஒரு முடிச்சும் போட்டாய். மணலில் புதைந்த நேரமெல்லாம் உன்னைத் தேடிக்கொண்டு நான் ஓடவேண்டியிருந்தது. டயர் அப்போதும் தேய்ந்தது. நான் குற்றவாளி இல்லை என்று தெரிந்தபோது உன் முகத்தில் கவலையைக் காணோம், சந்தோஷம்தான் இருந்தது. "அப்ப வேற என்னவோ இருக்கு!" என்றாய்.

அந்த வேறென்னவோ அகப்பட்டது என் தம்பியின் கலியாணத்துக்கு முதல்நாள். மறுநாள் விடியற்காலையில் அவனையும் உம்மாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வவுனியாவில் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. களப்புத் தண்ணீரின் ஓரமாக வந்துகொண்டிருந்தபோது நீ திடீரென்று "நிப்பாட்டு" என்றாய். இறங்கி, நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாய். ஈரமணலில் சில்லுத் தடம் அச்சடித்ததுபோல் கிடந்தது.

"இந்த இடத்தில சுக்கானை நேரத்தானே பிடிச்சனி?"

"ஓம், நேரத்தான்."

"முன்சில்லுப் போன தடத்துக்கு மேலதானே பின்சில்லு வரவேணும்? இஞ்ச பார். ரெண்டு பக்கமும் வலப்பக்கமா விலகி வந்திருக்கு. முன்பக்கம் வவுனியாவுக்குப் போகுது, பின்பக்கம் வேற ஊருக்குப் போகுது."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினாய். வலை பின்னுகிற தங்கூசி நூலை எடுத்து முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை ஒரு பக்கம் அளந்தாய்; அதே நூலை மற்றப் பக்கம் பிடித்தாய். இரண்டு விரல் அகலம் எட்டவில்லை. அடியில் படுத்து டோர்ச் அடித்தாய். பின் அச்சின் மேல் ஸ்பிரிங் தகடுகளைப் பிடித்திருக்கும் நடு போல்ட் உடைந்து கிடந்தது. உடைந்த முகத்திலும் துரு. அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. அது வண்டியைச் சரித்துத் தள்ள, நான் சுக்கானால் எதிர்ப்பக்கம் பிடித்து நேராக்க, இரண்டுக்கும் நடுவில் முன் டயர்கள் உராய்ந்திருக்கின்றன. முன்னுக்குத் தேய்ந்தது என்று நாங்கள் முன்னுக்கே தேடியிருக்கிறோம்.

"நாளைக்கு இது ஓடாது" என்றாய்.

"இவ்வளவு நாளும் இப்பிடித்தானே ஓடினது? நாளைக்கு ஒருநாள் ஓடாதோ? மாப்பிள்ளையை நடத்தியோ கூட்டிக்கொண்டு போறது?" நான் கத்தினேன்.

நீ சத்தம் போடவில்லை. "ஒருநாள் எண்டுறது எந்த ஒருநாள் எண்டு தெரியாதே, மச்சான். அதில உம்மாவும் இருக்கிறா."

வாகனம் தேடி நீதான் அலைந்தாய். கடைசியில் மீன் ஏற்ற வந்த ஐஸ் லொறி ஒன்றுதான் கிடைத்தது. அதைக் கழுவி, சாம்பிராணி போட்டு, உள்ளே புதுப்பாய் விரித்தாய். உம்மா முன் இருக்கையில். புதுச்சட்டையோடு மாப்பிள்ளை பின்னால் லொறியின் ஐஸ் பெட்டிக்குள், கதவைப் பாதி திறந்து கட்டியபடி. பக்கத்தில் நீயும் நானும். பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது சம்பந்தியார் மூக்கைச் சுளித்து, "என்ன, மீன் மணக்குதே?" என்றார்.

"கடற்கரையில இருந்து வாறம். மணக்காட்டித்தான் நீங்கள் யோசிக்கவேணும்" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் அந்த வீடே இளகிவிட்டது.

பிறகு கராஜில் ஜீப்பைக் கழற்றியவர், அச்சைப் பிடித்திருந்த இறுக்கிகளும் தளர்ந்துவிட்டன என்றார். "வேகமா வந்து ஒரு ரோட்டுக் கிடங்கில விழுந்திருந்தாக் காணும், அச்சு தனியாப் போயிருக்கும்." நான் உன்னைப் பார்த்தேன். அதை நீ கவனிக்கவே இல்லை. உடைந்த போல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு போட்ட டயர்கள் கடைசிவரை ஒரேயளவாகத்தான் தேய்ந்தன.

உன் நெஞ்சுவலி கூடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை வலியைப் பற்றியதல்ல.

"மச்சான், எதிர்க்கட்டிலின்ர சில்லுகளைப் பார். மூண்டு வட்டமா இருக்கு. கால்மாட்டில ஒண்டு மட்டும் ஒருபக்கம் தட்டை. காலமை தொடக்கம் யோசிக்கிறன், ஏன் எண்டு பிடிபடேல்லை."

"நீ பேசாமல் படு. நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் நான் வந்தபோது உன் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். உன் மனைவி உன்னுடைய சாமான்களை எடுத்துப் போட, நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எதிர்க்கட்டிலைத் தள்ளிக்கொண்டுபோக ஒருவர் வந்தார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் நிலத்தில் குந்தினேன்.

"ஏதும் விழுந்திட்டுதோ ஐயா?"

"இல்லை. ஒரு சில்லுப் பாக்கவேணும்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். உன் மனைவி பார்க்கவில்லை, அவவுக்குத் தெரியும்.

அந்தச் சில்லை உருளாமல் நிறுத்துகிற பூட்டு முழுதாக விடுபடவில்லை, மச்சான். மற்ற மூன்றும் உருள, அது மட்டும் உருளாமலே இழுபட்டிருக்கிறது. அதுதான் தட்டை.