நாம் நடக்காத இரண்டு வருடங்கள்

உன் நினைவு மலர் வந்து சேர்ந்தது. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு இப்படி ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது உங்கள் யாழ்ப்பாண வழக்கம். எங்கள் திருச்சிப் பக்கம் படத்துக்கு மாலை போடுவதோடு சரி. பளபளப்பான தாள், அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. ரோவில் புறநகரில் என் வீட்டு வாசலில் நின்று உன் கணவர் அதை இரண்டு கைகளாலும் நீட்டினார். கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி போட்டிருக்கிறார்கள். ‘தினமும் மாலையில் நடைக்குத் துணையாக இருந்த அன்புத் தோழிக்கு’ என்று.

எங்கே நடந்தோம் நாம்? கடைசி இரண்டு வருடங்களில் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது சேர்ந்து நடந்தோமா?

“அவ ஒவ்வொரு பின்னேரமும் உங்களோட நடக்கப் போறனெண்டு சொல்லிப்போட்டுத்தான் போறவ,” என்றார் உன் கணவர். “அந்த ரெண்டு வருசமும் அவ நல்ல சந்தோசமா இருந்தவ. உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேணும்.”

என்னிடம் நீ சொன்னது வேறு கதை. முழங்காலில் நோவு, இனி நடக்க ஏலாது என்றாய். நம்பினேன். தைலம்கூட வாங்கி வந்து கொடுத்தேன். அப்புறம் ஒரு நாள் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில், தோளில் பையோடு நீ விறுவிறுவென்று போவதைப் பார்த்தேன். அந்த நடைக்கு எந்த முழங்காலும் வலிக்கவில்லை. கூப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைக் கழற்றிவிட்டாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முதியோர் இல்லத்தில் நான் நர்ஸாகவும் நீ சமையற்கட்டிலும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்த பழக்கத்தை அன்றைக்கே துண்டித்தேன். நான் வேறு இல்லத்துக்கு மாறியிருந்ததும் வசதியாகப் போயிற்று. ஐந்து மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு காலையில் மூளையில் இரத்தக் கசிவு என்று செய்தி வந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

புத்தகத்தை மேசைமேல் வீசிவிட்டு, சிட்னியின் மெரிலேண்ட்ஸில் இருக்கும் உன் மகளுக்குப் போன் போட்டேன். உன் அம்மா தினமும் எங்கே போனாள் என்று நேராகவே கேட்டேன்.

“அன்ரி, அம்மா யூனியில படிச்சவ. ஒன்லைன்ல ஹிஸ்டரி. டெய்லி லைப்ரரிக்குத்தான் போறவ. அப்பாக்குத் தெரியாது,” என்றாள். “உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சனான்.”

எனக்குத் தெரியாது. என் பெயரைத் தினமும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய உனக்கு, அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. பாதிப் படிப்பை முடித்திருந்தாயாம். பாஸ் பண்ணிய ஒவ்வொரு முறையும் யாரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாய்? சிட்னியில் இருக்கும் பெண்ணிடம் போனிலா? நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன்.

எல்லாம் அந்தக் கோர்டோபாவில் தொடங்கியதுதான். உன் மகள் ஒரு செமஸ்டர் படிக்க அர்ஜென்டினாவில் அந்த ஊருக்குப் போயிருந்தாள். அவ்வளவு தூரம் என்னத்துக்கு என்று உன் கணவர் வர மறுத்தார். நான் லீவு போட்டுவிட்டு உன்னோடு வந்தேன். ஒன்பது நாள். மத்தியானமானால் கடைகளெல்லாம் மூடி ஊரே படுத்துவிடும். வெயில் சாய்ந்த பிறகுதான் கதவுகள் திறக்கும். இரண்டாம் நாளே நாமும் அந்தத் தூக்கத்துக்குப் பழகிவிட்டோம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்புவோம். நகரத்தின் நடுவே கல் சுவருக்குள் ஓடும் அந்தச் சிற்றோடை, அதன்மேல் கவிந்த மரங்கள், கரையெல்லாம் மாணவர்கள். ஒரே குவளையை ஆளுக்கு ஆள் மாற்றி, ஒரே குழாயால் ஏதோ பச்சிலைத் தேநீரை உறிஞ்சிக் குடிப்பார்கள். எனக்கு அது அருவருப்பு. உனக்கு ஒருத்தி நீட்டியபோது வாங்கிக் குடித்துவிட்டு, கசாயம் மாதிரி இருக்கிறது என்றாய்.

பெரிய சதுக்கத்தில் தேவாலயத்தின் உருவத்தை வெள்ளைக் கல்லால் தரையிலேயே பதித்திருப்பார்கள். கோபுரம், வளைவு எல்லாம் காலடியில் நீட்டிப் படுத்திருக்கும். ஊரே அதை மிதித்துக்கொண்டு போகும். நீ மட்டும் மிதிக்க மாட்டாய். நான் இரண்டடி வைத்ததும் கையைப் பிடித்து இழுத்தாய். “ஆருடைய கோயிலெண்டாலும் கோயில்தானே. சுத்தி வாரும்,” என்றாய். ஒன்பது நாளும் அந்தச் சதுக்கத்தை நாம் சுற்றித்தான் போனோம். எனக்குக் கால் வலித்தது, உனக்கு வலிக்கவில்லை.

பழைய பல்கலைக்கழகத்தின் முற்றத்துக்கு மூன்று தடவை கூட்டிப் போனாய். நானூறு வருடப் பழமை. நான் இரண்டு படம் எடுத்துவிட்டுக் காபிக்குத் தவித்தேன். நீ தூணில் கை வைத்துக்கொண்டு நின்றாய். கம்பசுக்கு எடுபட்டதாக, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்த வாரம்தான் சண்டையில் உங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தது என்று அங்கேதான் முதன்முதலாகச் சொன்னாய். பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்தவள், அதுவரை அதைச் சொன்னதில்லை.

அன்றைக்கே வெளியே தெருவில் ஒரு கும்பல். நரைத்த தலையோடு ஒரு அம்மாள் நடுவில் நிற்க, அவள் பிள்ளைகளும் கூட்டாளிகளும் அவள்மேல் முட்டையை உடைத்து, மாவைக் கொட்டினார்கள். படிப்பை முடித்தவர்களுக்கு அங்கே இப்படித்தான் கொண்டாட்டம் என்று உன் மகள் சொன்னாள். முட்டை நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்தினேன். நீ கடைசிவரை பார்த்தாய். அந்த அம்மாள் மாவும் கண்ணீருமாகச் சிரித்தபோது நீயும் அழுதாய்.

திரும்பும்போது ஓடைக்கரையில் என்னிடம் சொன்னாய். “நானும் படிக்கப் போறன்.”

நான் சிரித்தேன். மெதுவாகக்கூடச் சிரிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். “உனக்கு ஐம்பத்தெட்டு ஆச்சு. இனிமே படிச்சு என்ன கிழிக்கப்போறே? பேசாம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாரு,” என்றேன்.

நீயும் சிரித்தாய். நான் சொல்வதும் சரிதான் என்றாய். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் உனக்கு முழங்கால் வலி வந்தது.

போன சனிக்கிழமை உன் கணவர் மறுபடி வந்தார். நாம் இருவரும் நடந்த பாதையைக் காட்ட முடியுமா, ஒருதடவை நடந்து பார்க்க வேண்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. முப்பது வருடத்தில் உன்னோடு தெருமுனைவரை நடக்காத மனிதர். இப்போது பாதை கேட்கிறார். வாசலிலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய் ஏதாவது ஒரு பெஞ்சைக் காட்டியிருக்கலாம். அவர் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பார். உன் பொய்யும் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பதுபோல வெறுமனே காற்று வாங்கப் போனவளாக உன்னை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ கோபித்தால் கோபித்துக்கொள். நேரே நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். உன் மகள் சொல்லியிருந்த ஜன்னல் ஓரத்து மேசையைக் காட்டினேன். இங்கேதான் ஐந்தரை மணிக்கு வந்து உட்காருவாள், என்னோடு நடக்கவே இல்லை, படித்தாள் என்றேன். உன் படிப்பைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் உன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையை உள்ளங்கையால் தடவினார். என்மேல் பாய்வார், உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திருப்பிக் கொடுக்கத் தயாராகவும் நின்றேன்.

“என்னட்ட மறைச்சது விளங்குது,” என்றார் கடைசியில். “நான் விட்டிருக்க மாட்டன். அது அவவுக்குத் தெரியும். ஆனா உங்களிட்ட ஏன் மறைச்சவ?”

நானும் அதையேதான் உன் மகளோடு பேசிய நாளிலிருந்து உன்னிடம் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்டபோதுதான், ஓடைக்கரையில் நான் சிரித்தது நினைவுக்கு வந்து, இது எனக்குப் பதில் தெரியாத கேள்வி இல்லை என்று உறைத்தது.

“தெரியல அண்ணா,” என்றேன்.