தங்கையின் காரில் அப்பா பேசினார்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

வயிறு எரிகிறது. உம்பாய் கடற்கரைக் கடையில் சாப்பிட்ட சுட்ட மீனைக் குற்றம் சொல்ல முடியாது.

போன வருடம் நான் வாங்கிய அதே மின்சாரக் காரைத் தங்கை மாலா இப்போது வாங்கியிருக்கிறாள். விலையைக் குறைத்துவிட்டார்கள்; என்னைவிடப் பல ஆயிரம் ரிங்கிட் குறைவாகக் கொடுத்திருக்கிறாள். அதையாவது பொறுத்துக்கொள்வேன். என் கார் வேகம் எடுத்தால் டயர் இரைச்சல் காதை அடைக்கும். அவளுடைய புது மாடலில் அது இல்லை.

இன்று அவள் காரில்தான் ஜாசின் வீட்டிலிருந்து உம்பாய்க்குக் கிளம்பினோம். அப்பா காதில் மிஷின் வைத்திருப்பவர். கிளினிக்குக்குப் போக என் காரில் ஏறினால் வாயே திறக்க மாட்டார். என்மேல் ஏதோ மனத்தாங்கல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்றைக்கு வழி முழுக்க மாலாவிடம் பேசினார். அம்மாவை முதன்முதலில் பார்த்த கதையைக்கூடச் சொன்னார். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது, "ஏம்பா, என் கார்ல மட்டும் பேச மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

"உன் கார்ல ஒரே சத்தம்மா. நீ கேக்கிறது காதுல விழாது. தப்பா பதில் சொன்னா சங்கடப்படுவேன்னு சும்மா இருந்துடுவேன்."

மாலா சிரித்தாள். "டயரை மாத்து லா, அக்கா!"

என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"அப்ப இனிமே கிளினிக்குக்கு இவ கார்லயே போங்கப்பா," என்றேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"சரிம்மா," என்றார், உடனே.