இடது சில்லா, வலது சில்லா

இன்று பள்ளிக்கூடத்தால் வந்து காரை நிறுத்தியதும் முன்சக்கரச் சில்லுகள் இரண்டின் நடுமூடியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் சுட்டன. எது பழுதென்று இந்த வெயிலில் அது நிரூபிக்காது. கையை முகர்ந்தபோது கருகிய கிறீஸ் மணத்தது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாமல், நீங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் உங்கள் விரல்களில் இருந்த மணம். கையைக் கழுவவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. உங்களுக்கும் இருக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தைச் சொல்ல, என் புருஷனாகிய உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. சில நாட்களாகக் காரின் முன்பக்கம் அரைக்கிறது. மெதுவாகப் போனால் அம்மியில் காய்ந்த மிளகாய் அரைபடுவது போல. வேகம் கூடினால் ஒரே உறுமல். பிறேக்கை மிதித்தாலும் மாறவில்லை. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்.

உலகயுத்தத்தில் எதிரி விமானங்கள் வந்து எங்கள் ஊர்த் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன மறுநாள். உங்கள் தங்கை நிறைமாதமாக எங்களோடு இருந்தாள். அவள் புருஷன் கொழும்பில். ஆஸ்பத்திரி காயப்பட்டவர்களால் நிறைந்துவிட்டது. மருத்துவிச்சியும் ஊரைவிட்டுப் போய்விட்டாள். கந்தளாயில் உங்கள் சிநேகிதர் வீட்டுக்கு எப்படியாவது அவளைக் கொண்டுசேர்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டோம். வீட்டு ஒழுங்கையைத் தாண்டித் தெருவுக்கு ஏறமுன் முன்சில்லு அரைக்கத் தொடங்கியது.

சில்லுக்குள் இருக்கும் பேரிங் போய்விட்டது என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை. எந்தச் சில்லு என்பதில்தான் சண்டை. எங்கள் கையில் இருந்தது ஒரேயொரு பழைய பேரிங். தகரத்தின் அடியில் ஒரு சில்லுக்குக் காணுமளவு கிறீஸ். யுத்தகாலத்தில் அதற்குமேல் எங்கே தேடுவது? பிழையான சில்லைக் கழற்றினால் காட்டுப்பாதையில், யானை நடமாடும் இடத்தில், பிள்ளைத்தாச்சியோடு நிற்கவேண்டி வரும்.

"வலது," என்றீர்கள்.

"இடது," என்றேன்.

"உமக்குக் காது பிழை."

"உங்களுக்குப் பிடிவாதம்."

காரைத் தூக்கும் ஜக்கில் உயர்த்தி இரண்டு சில்லையும் ஆட்டிப் பார்த்தோம். பழைய கார், இரண்டும் ஒரே மாதிரி ஆடின. பின்னால் சாய்ந்திருந்த உங்கள் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு முடிக்கமுன்னம் நான் இஞ்சயே பெத்துப்போடுவன்."

நிலத்தைச் சங்கிலி போட்டு அளப்பது உங்கள் தொழில். காருக்கு மட்டும் உங்கள் காதே அளவுகோல் என்பதுதான் எனக்குப் பிடிக்காதது. "நீங்கள் வலப்பக்கம் இருந்து ஓட்டுறியள், நான் இடப்பக்கம் இருக்கிறன்," என்றேன். "அவரவர் தங்கடை பக்கத்தைத்தான் கேக்கிறம். இடம் மாறி இருந்து பாப்பம்."

கார் ஓட்ட அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நீங்கள் என் இடத்தில் இருந்தீர்கள். கொஞ்சத் தூரம் போனதும், "இப்ப இடது மாதிரித்தான் கிடக்கு," என்று முணுமுணுத்தீர்கள். எனக்கோ வலப்பக்கம் கேட்டது. உங்கள் தங்கை நோவுக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

அப்போது நீங்கள்தான் யோசித்துச் சொன்னீர்கள்: "மைதானத்துக்குள்ள விடும். வலப்பக்கம் வட்டமடிச்சால் பாரம் இடச்சில்லில ஏறும். நோகிற சில்லெண்டால் கத்தும்."

தெருவில் மாட்டுவண்டிகளும் மூட்டைகளும் நிலாவெளிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றினோம். தோளில் வலையோடு போன சல்லிக் கிராமத்து மீனவர் ஒருவர் நின்று கத்தினார்: "ஐயா! ஊரே ஓடுது, நீங்கள் அம்மாவை ஓட்டவைச்சு வட்டம் விடுறியளோ?"

"கொஞ்சம் பேசாமல் நில்லும், காது குடுக்கிறம்!" என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னீர்கள். அந்த மனிதரும் வலையை இறக்கி வைத்துவிட்டுக் காதுகொடுத்தார்.

வலப்பக்கம் சுற்றினால் உறுமியது. இடப்பக்கம் சுற்றினால் அடங்கியது. இடச்சில்லு.

"நீர் சொன்ன சில்லுதான்," என்றீர்கள். "ஆனால் நீர் அந்தப் பக்கம் இருந்தபடியால் சொன்னது. காரணம் பிழை."

"காரணம் பிழையெண்டாலும் சில்லு சரிதானே?"

"அது குருட்டு வாய்ப்பு."

கழற்றியபோது பேரிங்கின் குண்டுகளில் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. கந்தளாய் போய்ச் சேரும்வரை, என் விடை குருட்டு வாய்ப்பா இல்லையா என்று வாதாடிக்கொண்டே போனோம். பிள்ளை அங்கே சுகமாகப் பிறந்தது. அடுத்த மாரிமழையோடு வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நீங்கள் இல்லாததில் எனக்கு எது ஆகக் கஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லவும் கூச்சமாக இருக்கும். புருஷனை இழந்தவளோடு இந்த ஊரில் ஒருவரும் வாதாடுவதில்லை. சென்னையில் பட்டம் படித்துவிட்டு வந்தபோது என் ஒவ்வொரு பேச்சையும் மறுத்த சொந்தக்காரர்கள்கூட இப்போது தலையை ஆட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். நேற்றுப் பிழையென்று தெரிந்தே ஒரு கணக்கைப் பிழையாகச் சொல்லிப் பார்த்தேன். "ஓம் ரீச்சர், அப்பிடித்தான்," என்றாள் பக்கத்து வகுப்பு ஆசிரியை, பரிவான முகத்தோடு. அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

உங்கள் தங்கையைப் பக்கத்தில் இருத்தி ஓட்டியும் பார்த்தேன். மடியில் பிள்ளை.

"எந்தப் பக்கம் கேக்குது?"

"நீங்கள் எதைச் சொல்லுறியளோ அதுதான் மச்சாள்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அவள் நல்லவள். முன்பெல்லாம் என்னைக் கேலி செய்யாமல் அவளுக்குப் பொழுது போகாது.

இன்று பின்னேரம் தனியாகப் போனேன். மைதானத்தில் பாதியைப் பட்டாளத்துக் கூடாரங்கள் பிடித்துவிட்டன; மீதியில் சுற்றினேன். வலப்பக்கம் சுற்றியபோது அடங்கியது. இடப்பக்கம் சுற்றியபோது உறுமியது. பக்கத்தில் ஆள் தேவைப்படவில்லை. உங்கள் முறை அவ்வளவு நல்ல முறை. இன்னும் இரண்டு தரம் சுற்றி உறுதி செய்துகொண்டு எஞ்சினை நிறுத்தினேன்.

"வலது," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நீங்கள் "இல்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பீர்களோ, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கி ஜக்கை எடுத்தேன்.