இடது பக்கம் ‘அப்புறம்’

மே 5, திங்கள்

நல்ல வெயில். கடை ஷட்டரைத் தூக்கினால் கை சுடுகிறது.

இந்த டைரியிலாவது உண்மையை எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான். மகள் மலரிடம் போனில் சொன்னது: கரண்ட் கூடிக் குறைந்ததில் போச்சு. டீக்கடையில் சொன்னது: எலி. எலி பாவம்.

நடந்தது இதுதான். ஏப்ரல் 25. திரையில் ஒரு பெட்டி வந்தது. பூராவும் இங்கிலீஷ், கீழே ரெண்டு பொத்தான். என் வீட்டுக்காரி செல்வி இருந்தபோதும் இது வரும். அவள் “அப்புறம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இடது பக்கத்தை அமுக்குவாள். பிடிக்காத சம்பந்தத்தைத் தள்ளிப்போடுகிற மாதிரி வருஷக்கணக்காக அப்புறம், அப்புறம். எனக்கு அன்றைக்கு எந்தப் பக்கம் என்று மறந்துபோச்சு. வலது பக்கம் நீலமாக, அழகாக இருந்தது. அமுக்கினேன். ஒரு வட்டம் சுற்றியது. சாப்பிட்டு வந்தேன், சுற்றியது. ஒரு தூக்கம் போட்டேன், சுற்றியது. எழுந்து பார்த்தால் திரை கல்யாணப் பெண் மாதிரி மினுமினு. செல்வியின் தமிழ் டைப் மட்டும் திறக்கவில்லை.

நான் அஞ்சாங்கிளாஸ். கடையில் டைப் அடித்தது அவள். தாலுகா ஆபீஸ் மனு, காதுகுத்துப் பத்திரிகை, துக்கப் போஸ்டர், எல்லாம் அவள் விரல். என் வேலை ஜெராக்ஸ், பேனருக்குச் சட்டம் அடிப்பது, வருகிறவர்களைக் கிண்டல் செய்வது. அப்புறம் ப்ரூஃப். “நீங்க வாசிச்சுப் புரிஞ்சா ஊருக்கே புரியும்” என்பாள். நான் வாசிக்காமலே சரி என்று விடுவேன் என்று தெரிந்து, ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பாள். கண்டுபிடித்தால் எனக்கு உளுந்தவடை. விட்டுவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது நான். பாத்திரம்தான் அதிகம்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கடைசியாகக் கடைக்கு வந்த அன்று ஒன்று அடித்து வைத்தாள். “இது எனக்கு அஞ்சலி போஸ்டர். நான் போனப்புறம் ப்ரூஃப் பாருங்க.”

“போடி” என்றேன்.

அவள் போன அன்று அது ஞாபகமே வரவில்லை. வெளியில் யாரோ அவசரமாக ஒரு பேனர் அடித்துக் கொடுத்தார்கள். போட்டது ரேஷன் கார்டு போட்டோ. உப்பூரில் இருக்கிற அவள் அண்ணன், மாணிக்கம் மச்சான் பேர் விட்டுப்போச்சு. கோடிச் சேலையோடு வந்த மனுஷன் பேனரை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். “எந் தங்கச்சிக்கு நான் ஆருமில்லையாக்கும்” என்றார். சேலையைப் போர்த்திவிட்டுப் போனவர்தான். பேச்சு இல்லை.

பிறகு ஞாபகம் வந்தது. திறக்கத்தான் பயம். வருகிற 15ஆம் தேதி அவளுக்கு ஆண்டு நினைவு. அன்றைக்கு அவள் அடித்ததையே பேனராகப் போட வேண்டும் என்று இன்றைக்குத் தைரியம் வந்து, வேறு எதிலோ திறந்தேன். திறந்தது. பூராவும் இங்கிலீஷ்.

கள்ளி. நான் முன்னாடியே வாசித்துவிடக் கூடாது என்று இங்கிலீஷில் அடித்து வைத்திருக்கிறாள்.

மே 6, செவ்வாய்

காற்றே இல்லை. பூனை ஜெராக்ஸ் மிஷின் மேல் படுக்கிறது. அது சூடு என்று அதற்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு பூராவும் காட்டினேன். எம் வீட்டுக்காரி எழுதினது, இங்கிலீஷு.

டீக்கடை அண்ணன்: “ஏலே சேது, நீ கையெழுத்துப் போட எந்திரிச்சாலே பேனா மயங்கி விழுந்துரும். ஒனக்கு இப்புடி ஒரு பொண்டாட்டியா?”

“அதாம்ணே எனக்கும் புரியல.”

இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போச்சே. பெருமையாக இருந்தது. பெருமை வடிந்த பிறகு வேறு மாதிரி இருந்தது.

மே 7, புதன்

வக்கீல் ஜமால் பாய் பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். வாசித்துச் சொல்லுங்க பாய் என்று கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். தாளைத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

“ஏப்பா, இது இங்கிலீஷ் இல்லையே.”

“பின்ன அரபியா பாய்?”

“அரபின்னா நான் வாசிச்சிருக்க மாட்டேனா? எழுத்துத்தான் இங்கிலீஷு. இந்தா, மொத எழுத்து ஜே. அப்புறம் இசட், அரைப்புள்ளி, இன்னொரு இசட். கோழி மேஞ்ச மாதிரில்ல இருக்கு.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அல்லா இருக்கான்பா” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். பத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாகக் கடைக்கு வந்த அன்றைக்கு அவள் மருந்து மயக்கத்தில் சும்மா தட்டிக்கொண்டு இருந்தாளோ? முக்கால் மணி நேரம் தட்டினாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பிடவில்லை. பூனைக்கு வைத்தேன்.

மே 8, வியாழன்

ராமநாதபுரம். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில். கண்டக்டர் “என்னண்ணே, பொண்ணு வீட்டுச் சீரா?” என்றார். என் தொழிலை என்னிடமே காட்டுகிறார்.

ரிப்பேர் கடையில் ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும். தாளைப் பார்த்ததுமே சொன்னது, “அண்ணே, இது தமிழுதான்.”

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“பழைய தமிழ் சாஃப்ட்வேருல அடிச்சிருக்காங்க. உள்ளுக்குள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்து. அந்த சாஃப்ட்வேரு தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். புது சிஸ்டத்துல அது ஓடாது. சட்டை போச்சு, உடம்பு நிக்கிது.”

மயக்கம் இல்லை. அவள் சரியாகத்தான் அடித்திருக்கிறாள்.

நெட்டில் தமிழாக மாற்றுகிற இடம் இருக்கிறதாம். ரெண்டு மூன்றில் போட்டுப் பார்த்தது அந்தப் பொண்ணு. கொம்பும் காலும் எழுத்தை விட்டு ஓடின, ஒன்றும் சேரவில்லை. இந்தக் கம்பெனி எழுத்து தனி மாதிரியாம்.

“எப்பண்ணே அப்கிரேடு பண்ணீங்க?”

“எலி...”

“எலி பண்ணாதுண்ணே.”

“ஏப்ரல் இருபத்தஞ்சு.”

விரலை மடக்கி எண்ணியது. “பத்து நாளைக்குள்ள வந்திருந்தா ஒரே அமுக்குல பழசுக்குத் திரும்பியிருக்கலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா பழசை அதுவே அழிச்சிரும்.”

பத்தாம் நாள் திங்கட்கிழமை. திங்கள் அன்றைக்கு நான் கள்ளி என்று டைரி எழுதிக்கொண்டிருந்தேன். செவ்வாய் தெரு பூராவும் பெருமை பேசினேன்.

அந்தப் பொண்ணு சொன்னது: இதே சாஃப்ட்வேர் போட்ட பழைய கம்ப்யூட்டர், புதுசாக மாற்றாதது, எங்கேயாவது இருந்தால் அங்கே திறக்கும்.

மே 9, வெள்ளி

கடைக்கு லீவு. செல்வியின் நோட்டில் இருக்கிற டைப் கடை நம்பருக்கெல்லாம் போன். ஒருத்தர் மாற்றிவிட்டார். ஒருத்தர் கடை இப்போது டெய்லர் கடை. ஒருத்தர் செத்துப்போனார், அவர் மகன்தான் பேசினார்.

கடைசியில் அக்காள்மடம் அந்தோணி அண்ணன். படகுக்குப் பேர் ஸ்டிக்கர் வெட்டுகிறவர். “பழசு இங்கனதான் கெடக்கு. வாய்யா” என்றார்.

மலரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “தெரியும்ப்பா. கரண்டு கூடுனா கம்ப்யூட்டர் புதுசா ஆகாதுல்ல” என்றாள். ஆண்டுக்கு மாப்பிள்ளையோடு வருகிறாள்.

மே 10, சனி

அக்காள்மடம். பாம்பன் பாலத்தில் காற்று பஸ்ஸையே ஒரு பக்கம் தள்ளியது. பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர், “நெஞ்சு வலியாண்ணே?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அந்தோணி அண்ணன் கம்ப்யூட்டர் மேல் ஈரத் துண்டு மாதிரி ஒரு துணி. உப்புக்காற்றில் பெட்டி பூராவும் துரு, தட்டினால் உதிர்கிறது. நெட் கிடையாது.

“நெட்டு இருந்தப்ப மாத்தவான்னு கேக்கும். அப்புறம்னு அமுக்கிருவேன். இது நெட்டு கண்டு எட்டு வருசம்.”

அவரும் இடது பக்கம்தான்.

திறந்தது. தமிழ். அவள் எழுத்து. அவள் எப்போதும் போடுகிற அந்த வளைந்த எழுத்து.

அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நான் ப்ரூஃப் பார்த்தேன்.

பேர். பிறந்த தேதி. மறைவு என்று போட்டு, புள்ளி புள்ளியாக இடம் விட்டிருக்கிறாள். வருந்துவோர்: முதல் பேர் அண்ணன் மாணிக்கம், உப்பூர், தடித்த எழுத்தில். பிறகு மகள், மருமகன். கடைசியில் சின்னதாகக் கணவர் சேது. அதற்குக் கீழே எனக்கு: “போட்டோ உப்பூர்ப் பிள்ளையார் கோயிலில் எடுத்தது. அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நேரில் போய் வாங்கவும். ரேஷன் கார்டு போட்டோ போடக் கூடாது. பேனர் ஆறடிக்கு நாலடி போதும்.”

தப்பு ஒன்றும் இல்லை. மறுபடி வாசித்தேன். இல்லை. இதில் மட்டும் விளையாட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுதான் தாங்க முடியவில்லை. மூன்றாம் தரம் விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன்.

தலைப்பு. இருக்கிறதிலேயே பெரிய எழுத்து.

தண்ணீர் அஞ்சலி.

சிரித்துவிட்டேன். சத்தமாக. குடத்தோடு தெருக்குழாயில் நின்றே பாதி ஆயுசு போனவள். போகிறபோதும் அதையே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தோணி அண்ணன் பயந்து உள்ளே வந்தார். அவர் வரும்போது நான் சிரிக்கவில்லை.

அவர் பார்த்துவிட்டு, “அட, எஃப் அடிச்சா க, ஜே அடிச்சா த. இடது விரலுக்கு வலது விரல் அமுக்கிருச்சு. ஒடம்பு முடியாத நேரம்ல” என்றார்.

இடது வலது மாறுகிறது எனக்குத்தான். அவளுக்கு மாறாது.

எனக்கு அவள் அடித்தபடி ஒன்று, ஊருக்குத் திருத்தி ஒன்று, ரெண்டும் வேண்டும் என்றேன். எனக்கான குறிப்பை எடுத்துவிட்டு, தேதியைப் போட்டு, ரெண்டையும் படமாகவே மாற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். இனி எந்த கம்ப்யூட்டரிலும் சட்டை கழலாதாம்.

“எடது பக்கம் தப்பு, வலது பக்கம் சரி. மறக்காதய்யா.”

உளுந்தவடை எங்கேயும் கிடைக்கவில்லை. மீன் வறுவல் வாங்கித் தந்தார்.

மே 12, திங்கள்

உப்பூர். மச்சான் வயலில் நின்றார். விதைக்கிறதற்கு ஒன்றும் இல்லை, சும்மா நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டினார். தாளை நீட்டினேன். அந்தோணி அண்ணன் கடையில் அவள் அடித்தபடியே எடுத்த தாள், குறிப்போடு. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்ப அடிச்சா?”

“ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப.”

“எம் பேருதான் மொத.”

“ஆமா மச்சான்.”

“ஒம் பேரு ரொம்பச் சின்னதா இருக்கு.”

“அதுவும் அவ சொன்னதுதான்.”

துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். போட்டோவில் செல்வி பிள்ளையாரைப் பார்க்கவில்லை, பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். நான்தான் அந்தப் பக்கம் நின்றேன். என்ன சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்று பஸ் பூராவும் யோசித்தேன். ஞாபகம் இல்லை.

மே 14, புதன்

ராமநாதபுரம், பேனர் கடை. கூட்டம். எல்லாம் கல்யாணம். “எடது தப்பு, வலது சரி” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர்கள் திரையில் ரெண்டும் மேலும் கீழுமாக இருந்தன. மேலே இருந்ததைக் காட்டினேன். போட்டோ கொடுத்தேன். ஆறுக்கு நாலு.

சுருட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஜமால் பாய் பத்திரம் இன்னும் கடையிலேயே கிடக்கிறது. கொடுக்க வேண்டும்.

மே 15, வியாழன்

ஆண்டு. விடியலிலேயே மச்சான் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். மலர் வீட்டில் சமையல். பஸ் ஸ்டாண்டு முக்கில் நானும் மச்சானும் சட்டத்தோடு பேனரைத் தூக்கிக் கட்டினோம். பின்னால் நின்று கட்டியதால் எழுத்து தெரியவில்லை. முன்னால் வந்து பார்த்தோம்.

படம் நன்றாக வந்திருக்கிறது. சிரிக்கிறாள்.

மச்சான் தன் பேரை மட்டும் ரெண்டு தரம் வாசித்தார். “நல்லா இருக்கு மாப்ள” என்றார்.

தண்ணீர் அஞ்சலி என்று அச்சாகியிருக்கிறது. எழுத்து அரை அடி உயரம்.

ஒன்பது மணிக்கு ஒரு அம்மா ரெண்டு குடத்தோடு வந்து பேனருக்குக் கீழே நின்றது. “தண்ணி எத்தன மணிக்குக் குடுப்பீக?” என்று கேட்டது. மச்சான் என்னைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. “பதினோரு மணி” என்றேன்.

பதினோரு மணிக்கு வரிசையில் பதினாலு குடம்.