ஹான்னா அக்காவின் கல்லில் எந்தப் பெயர்?

என் அன்பு ஹான்னா அக்கா,

இதை நீங்கள் வாசிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். டேனிஷில் எனக்கு நன்றி சொல்ல வரும், மன்னிப்புக் கேட்க வரும், லீவு கேட்க வரும். கோபப்பட மட்டும் வராது. இன்றைக்கு எனக்கு நன்றாகக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் அண்ணனில் கோபம். அதே அளவு தம்பியிலும். பிறகு உங்களிலும் கோபம் அக்கா, அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

நம்முடைய முதியோர் இல்லத்துச் சமையலறையில் உங்கள் இடத்துக்கு ஒரு இளம் பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் உருளைக்கிழங்குத் தோல் சீவச் சொன்னால் பாதிக் கிழங்கையும் சேர்த்துச் சீவி எறிகிறாள். நீங்கள் இருந்திருந்தால் வாளியிலிருந்து பொறுக்கியெடுத்து அவள் முன்னாலேயே சூப் வைத்திருப்பீர்கள். நான் பேசாமல் இருக்கிறேன். வேலையிடத்தில் நான் எப்போதும் பேசாமல் இருப்பவள்தானே.

உங்களை மாசி மாதக் குளிரில் அடக்கம் செய்தோம். கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் கோப்பி கொடுத்தோம். ஜெர்மனியிலிருந்து உங்கள் அண்ணன் யோசெப் வந்தார். போலந்திலிருந்து தம்பி பியோத்தர் வந்தார். நீங்கள் நோயில் கிடந்த காலம் முழுவதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் "அவங்களுக்கு வேலை" என்பீர்கள். ஓய்வூதியம் எடுக்கிற இரண்டு கிழவருக்கு என்ன வேலை அக்கா? செத்த வீட்டுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைத்தது?

அங்கே சண்டை தொடங்கியதற்கு என் கணவர் சிவாதான் காரணம். அவர் நல்ல மனதோடு செய்ததுதான், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எங்கள் ஆட்கள் இறந்தால் மரண அறிவித்தல் அடிப்போம், உங்களுக்குத் தெரியும். படம் போட்டு, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, யாருடைய மகள், யாருடைய சகோதரி என்று ஒருவரும் விடுபடாமல் எழுதுவோம். இந்த டென்மார்க் ஹோர்சன்ஸ் ஊரில் எந்தத் தமிழ்ச் செத்த வீட்டுக்கும் அதை எழுதுகிறவர் சிவாதான். உங்களுக்கும் எழுதினார்.

"உவவின்ரை பிறப்பிடம் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"ஹிண்டன்பூர்க் எண்டும் சொல்லுறவ, ஸாப்ஷே எண்டும் சொல்லுறவ," என்றேன்.

அவருக்கு அது சந்தேகமே இல்லாத விஷயம். ஒரு ஊரில் பிறந்து இன்னொரு ஊரில் வாழ்ந்து மூன்றாவது ஊரில் சாகாத யாழ்ப்பாணத்தவர் யார்? ஹிண்டன்பூர்க்கைப் பிறப்பிடமாகவும், ஸாப்ஷேயை வாழ்விடமாகவும், டென்மார்க் ஹோர்சன்ஸை வதிவிடமாகவும் கொண்ட ஹான்னா கோவால் அவர்கள் காலமானார் என்று எழுதிவிட்டார். யோசெப் ஷ்மிட், பியோத்தர் கோவால் ஆகியோரின் பாசமிகு சகோதரி என்றும் எழுதினார். அதைப் பெரிதாக அடித்து, உங்கள் படத்தோடு மண்டபச் சுவரில் ஒட்டினோம்.

பியோத்தர் அந்த எழுத்தைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் மகள் அபிராவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன் இருந்தது. வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த மனுசனின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். என் அக்கா பிறந்தபோது ஹிண்டன்பூர்க் என்று ஒரு ஊரே இல்லை, ஒரு தளபதியின் பெயரை எங்கள் ஊரில் ஒட்டி வைத்தார்கள், அது போய்த் தொலைந்துவிட்டது என்றார். யோசெப் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ஹிண்டன்பூர்க், அவளுக்கும் அதுதான், அவள் கோவாலும் இல்லை, ஷ்மிட் என்றார்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள். தெருக்கூட வேறில்லை, ஒரே ஊருக்குத்தான் ஜெர்மனில் ஒரு பெயர், போலந்தில் ஒரு பெயர். பிறகு அவர்கள் தங்களுக்குள் கத்தத் தொடங்கினார்கள். அபிரா என் காதுக்குள் சொன்னாள், "அம்மா, எனக்கு விளங்கேல்லை. ஒரே வசனத்திலை பாதி ஜெர்மன், பாதி வேறை என்னவோ." அது உங்கள் வீட்டுப் பேச்சு, இல்லையா? தொலைபேசியில் நீங்கள் உங்கள் அம்மாவோடு கதைத்த அதே கலப்பு. யார் சுத்த ஜெர்மன், யார் சுத்தப் போலந்து என்று அந்தக் கலப்பு மொழியில்தான் சண்டை பிடித்தார்கள். ஊரில் நான் நிறையச் செத்த வீட்டுச் சண்டை பார்த்தவள். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

சண்டை கல்லில் வந்து முடிந்தது. கல்லில் ஷ்மிட் என்று எழுத வேண்டும், ஹிண்டன்பூர்க் என்று போட வேண்டும் என்றார் ஒருவர். கோவால் என்று எழுது, ஸாப்ஷே என்று போடு என்றார் மற்றவர். இந்த நாட்டில் கல்லில் பிறந்த ஊர் எழுதுகிற வழக்கமே பெரிதாக இல்லை என்று கோயில்காரர் பொறுமையாகச் சொன்னார். கேட்டால்தானே.

நீங்கள் விரும்பியபடி கல்லறை உரிமை என் பெயரில் இருந்தது. அதனால் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இங்கேதான் உங்களில் எனக்குக் கோபம் அக்கா. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "வசந்தி, அவங்கள் ரெண்டு பேரிட்டையும் கல்லை விடாதை. விட்டால் ரெண்டு பக்கமும் எழுதுவாங்கள்." பின்னே என்ன எழுதுகிறது என்று கேட்டேன். நித்திரை வருகிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரரால் மூன்று தலைமுறையாகத் தீர்க்க முடியாததை என் தலையில் வைத்துவிட்டுப் போனீர்கள். நான் உங்களுக்கு என்ன பாவம் செய்தேன்?

கல் என்றால் உங்களுக்கு ஏன் பயம் என்று எனக்குத் தெரியும். கிழங்கு சீவிக்கொண்டு ஒருநாள் சொன்னீர்கள். உங்கள் அப்பப்பா ஸாப்ஷேயில் பிறந்து, ஹிண்டன்பூர்க்கில் இறந்து, மறுபடி ஸாப்ஷேயில் புதைந்து கிடக்கிறார், மனுசன் ஊரைவிட்டு நகரவே இல்லை. கோவாலாக இருந்தவரை ஜெர்மன்காரர் ஷ்மிட் ஆக்கினார்கள். இரண்டுக்கும் அர்த்தம் கொல்லன்தான் என்று சிரித்தீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் போலந்தின் கைக்கு வந்ததும் அப்பாவைத் திரும்பக் கோவால் ஆக்கினார்கள். ஜெர்மன் எழுத்து இருக்கிற கல்லறைகளைச் சுத்தம் பண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. நிலக்கரிச் சுரங்கத்து வேலை போய்விடும் என்ற பயத்தில் உங்கள் அப்பா உளியை எடுத்துக்கொண்டு போய், தன் தகப்பனின் பெயரைத் தானே கொத்தி எடுத்தார்.

நவம்பர் முதலாம் திகதி, சகல பரிசுத்தர் நாளில், குடும்பமாகப் போய் அந்த வெறுங்கல்லுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவீர்களாம். சின்னப் பிள்ளையாக நீங்கள் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்க, உங்கள் அம்மா உங்கள் வாயைப் பொத்தினாராம். இதைச் சொல்லிவிட்டுக் கிழங்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

இது உங்கள் சகோதரர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் இன்னொரு உளியோடு வந்து நின்றார்கள்.

மண்டப வாசலில் யோசெப் என்னிடம் சொன்னதை அபிரா மொழிபெயர்க்கத் தயங்கினாள். சொல் என்றேன். "இது எங்கள் சரித்திரம். நீங்கள் வெளியாள். ஊர்ப் பெயர் பறிபோவது என்றால் என்னவென்று உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, நான் சிவாவைப் போல யாழ்ப்பாணத்தாள் இல்லை. மணலாற்றுப் பக்கம். எங்களைத் துரத்திவிட்டு, எங்கள் மணலாற்றுக்கு வெலிஓயா என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் அதற்கும் மணல் ஆறு என்றுதான் அர்த்தம். கொல்லன் கொல்லனாகவே இருந்தது போல, மணலும் ஆறும் அப்படியே இருந்தன. நாங்கள்தான் இல்லை. இதை உங்களுக்குச் சொன்ன அன்று நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தீர்கள். மத்தியானச் சாப்பாடு பிந்தியது, இரண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்ட அந்த மனுசனில் அன்று கோபப்பட எனக்கு டேனிஷும் வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சிவாவிடம்தான் கத்தினேன். "உங்களை ஆர் ரெண்டு ஊரையும் எழுதச் சொன்னது?" பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு ஊர்ப் பேரையும் விட்டிடக்கூடாது எண்டுதான் எழுதினனான்," என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த மண்டபத்தில் இரண்டு பெயரையும் மரியாதையோடு எழுதியவர் அவர் ஒருவர்தான்.

அதன்பிறகு வசந்தம், கோடை எல்லாம் தொலைபேசிதான். ஒரு கிழமை ஜெர்மனி, மறு கிழமை போலந்து. அபிரா மொழிபெயர்த்துக் களைத்துப் போனாள். "அம்மா, அது ஒரு பேர்தானே, ஏதோ ஒண்டை எழுதிவிடுங்கோ," என்று டேனிஷில் சொன்னாள். அவளோடும் சண்டை பிடித்தேன். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெயர் ஏதோ ஒன்றாக இருக்கலாம். அது அவளுடைய அதிர்ஷ்டம், அவளை எதற்கு ஏசினேன்?

அவளோடு சண்டை பிடித்த மறுநாள் சமையலறை அலுமாரியில் உங்கள் தேநீர்க் கோப்பையைக் கண்டேன். ஒருவரும் அதை எடுக்கவில்லை. நான் வேலைக்கு வந்த புதிதில், உங்களைவிட இளையவர்கள்கூட உங்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வழக்கத்தில் அக்கா என்பேன், மூத்த சகோதரி என்று அர்த்தம், கூப்பிடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு ஓம் என்றீர்கள். சில நாளில் அந்தக் கோப்பையில் தடித்த பேனையால் அக்கா என்று டேனிஷ் எழுத்தில் நீங்களே எழுதி வைத்தீர்கள். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தாலும் "அக்கா கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவீர்கள். உங்களுக்கு இருந்த மற்றப் பெயர்களில் ஏதோ ஒரு அரசாங்கத்தின் கை இருந்தது. இதை மட்டும்தான் உங்களிடம் கேட்டு வைத்தது. நீங்கள்தான் ஓம் என்றீர்கள்.

போன கிழமை கல் வைத்தாகிவிட்டது. ஹான்னா என்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே தமிழில் அக்கா என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை. கல் கொத்துகிறவர் இதுவரை இந்த எழுத்தைச் செதுக்கியதில்லையாம். அபிரா பெரிதாக அச்சடித்துக் கொடுத்தாள், மூன்று எழுத்தையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

படத்தை இரண்டு பேருக்கும் அனுப்பினேன். யோசெப் எடுத்துக் கத்தினார், இந்த எழுத்தைப் பார்த்தால் அவள் எந்தப் பக்கத்தாள் என்று யாருக்குத் தெரியும் என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து பியோத்தர் எடுத்து அதையே கேட்டார். பாருங்கள் அக்கா, கடைசியில் உங்கள் சகோதரர்கள் ஒற்றுமைப்பட்டுவிட்டார்கள், என் மேல் கோபத்தில். இந்தமுறை நான் மகளை மொழிபெயர்க்க விடவில்லை. இரண்டு பேருக்கும் தமிழிலேயே பதில் சொன்னேன். "கொத்தி எடுக்க வேணுமெண்டால் முதல் அதை வாசிக்கப் பழகிக்கொண்டு வாங்கோ." விளங்கியிருக்காது.

நவம்பர் முதலாம் திகதி வந்து பார்க்கப் போகிறார்களாம். வரட்டும். கோப்பி வைத்துத் தருவேன். மெழுகுதிரி நான் முன்னமே வாங்கி வைத்துவிட்டேன்.

இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு, முடிந்தால் கல்லைத் தூக்கிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் இருக்கும்வரை புதுப்பிப்பேன், எனக்குப் பிறகு அபிரா புதுப்பிப்பாள், அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு நவம்பரும் வந்து திரி கொளுத்துவேன். அப்போது எந்த வீட்டுப் பிள்ளையாவது நின்று, இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், நான் அதன் வாயைப் பொத்த மாட்டேன். உட்காரவைத்துச் சொல்லுவேன். ஸாப்ஷேயையும் சொல்லுவேன், ஹிண்டன்பூர்க்கையும் சொல்லுவேன், உளியையும் சொல்லுவேன்.

இன்னும் கோபம் ஆறாமல்,
ஹோர்சன்ஸிலிருந்து
உங்கள் தங்கச்சி வசந்தி