ஓல்தா அத்தையின் புலாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாஸ்கோவிலிருந்து நூயல். உன் முட்டிவலி தேவலையா? பசு கன்று போட்டுவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். கடுப்பைத் தவிர ஒரு குறையுமில்லை.

நான் காவல் நிற்கும் அரங்கில் பாட நம்மூர் ஓல்தா அத்தை வந்தாள். வாசலில் சோதனைக் கருவி அலறியது. பின்னே, இடுப்பில் புலாய், அத்தனை மணியும் சங்கிலியும்! "அந்தக் கிலுகிலுப்பையைக் கழட்டச் சொல்லு" என்றான் மேலாளர் விதாலி.

நான் மெல்லச் சொன்னதும் அத்தை எர்ஸ்யா மொழியிலேயே என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்: "வயசுக்கு வந்ததுலேருந்து இது இல்லாம ஆம்பளைங்க முன்னாடி நின்னதில்லடி. பாவாடைய அவுக்கச் சொல்ற மாதிரி இருக்கு. நீயும் எர்ஸ்யாக்காரிதானே?"

நான் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அத்தை ஜல்ஜல்லென்று உள்ளே போனாள். மேடையில் அவளை 'ரஷ்யப் பாடகி' என்று அறிவித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேர் வாங்கினால் நம்மாள் ரஷ்யர். விதாலி என்னைத் திட்டும்போது மட்டும், ரஷ்யர்கள் நமக்கு வைத்த பேரைச் சொல்லி 'மோர்த்வாக் கழுதை'!

கவலைப்படாதே, வேலை போகவில்லை. வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கோட்டைக் கொடுக்கிற ஒருத்தரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. பெட்டியிலிருக்கும் என் புலாயையும் கூடவே வை. வெளியே கட்டிக்கொண்டு போக மாட்டேன். நான் தங்கும் அறைக்குள் கட்டிக்கொண்டு நடந்தால், அந்தச் சத்தத்தில் யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் நூயல்